நாய் ஓயாம சொறியுதா? 'சிக்கனை நிறுத்து'னு சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ராத்திரி ரெண்டு மணி. வீடே தூங்குது. ஹால்ல இருந்து 'டக்... டக்... டக்...'னு ஒரு சத்தம். நாய் வளர்க்கிறவங்களுக்கு அது என்னன்னு சொல்லவே வேண்டாம். பின்னங்காலைத் தூக்கி கழுத்தைச் சொறியும்போது கால் தரையில் இடிக்கிற சத்தம் அது. 'டேய், போதும்டா'னு ஒரு அதட்டல் போட்டா நிறுத்தும். ரெண்டு நிமிஷம் கழிச்சு மறுபடியும் 'டக்... டக்...'

எங்க வீட்ல இந்தச் சத்தம் ஒரு வருஷம் கேட்டது. ப்ரூனோ, லேப்ரடார் கலந்த நாட்டு நாய். ரெண்டு வயசு வரைக்கும் பளபளன்னு இருந்தவன், திடீர்னு சொறிய ஆரம்பிச்சான். வயித்துல முடி கொட்டிப்போச்சு. காதுல இருந்து ஒரு புளிச்ச வாடை. விருந்தாளிங்க வந்தா மூக்கைச் சுருக்கிக்கிட்டு சோபா ஓரமா நகர்ந்து உட்கார்ந்தாங்க. "குழந்தைங்க இருக்கிற வீடு, எங்கயாவது விட்டுடுங்களேன்" என்று ஒரு உறவினர் எங்க அம்மாகிட்ட சாதாரணமா சொல்லிட்டுப் போனார். அம்மா பதில் சொல்லலை. அந்த மௌனம்தான் எனக்குப் பயமா இருந்தது.

நம்ம தெருவில் முடி கொட்டி, தோல் கறுத்துச் சுத்துற நாய்களில் சில, ஒரு காலத்தில் யாரோ ஒருத்தர் வீட்டு சோபாவில் தூங்கினவை. அதனால இந்த அரிப்பைச் சின்ன விஷயமா நினைக்காதீங்க. காரணம் தெரியாத அரிப்பு, ஒரு நாயோட வீட்டையே பறிச்சிடும்.

நல்ல செய்தி என்னன்னா, காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கெட்ட செய்தி, அதுக்குப் பொறுமை வேணும்.

அரிப்பு ஒரு நோயே இல்லை!

முதல்ல இதை மனசுல ஏத்திக்கோங்க. காய்ச்சல் மாதிரிதான் அரிப்பும். அது ஓர் அறிகுறி. பின்னாடி தெள்ளுப்பூச்சி இருக்கலாம், சொறிப்பூச்சி இருக்கலாம், பூஞ்சை, பாக்டீரியா, சாப்பாடு, வீட்டுத் தூசினு எது வேணும்னாலும் இருக்கலாம். 'என் நாய்க்கு அரிக்குது, என்ன மருந்து போடலாம்?' என்பது, 'எனக்குக் காய்ச்சல், என்ன மாத்திரை போடலாம்?' என்று கேட்கிற மாதிரி.

ரெண்டாவது விஷயம்தான் ரொம்ப முக்கியம். பெரும்பாலும் காரணம் ஒண்ணோட நிக்காது. ஒரு குடத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. தூசி அலர்ஜி குடத்தைப் பாதி நிரப்புது. அந்த அளவுக்கு நாய் பெருசா சொறியாது. அதுக்கு மேல தெள்ளுப்பூச்சி கொஞ்சம் ஊத்துது. சொறிஞ்சு புண்ணான தோல்ல பூஞ்சை வளர்ந்து இன்னும் கொஞ்சம் ஊத்துது. குடம் வழியுது, நாய் ராத்திரி பூரா சொறியுது. தோல் மருத்துவர்கள் இதை 'அரிப்பின் எல்லைக்கோடு' என்கிறார்கள்.

இதனாலதான் 'எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன், ஒண்ணும் கேக்கலை' என்று பலர் புலம்புறாங்க. ஒரு காரணத்தை மட்டும் எடுத்தா அரிப்பு குறையும், நிக்காது. 'இது வேலைக்கு ஆகலை'னு அதை விட்டுட்டு அடுத்ததுக்குத் தாவுறோம். பழையது திரும்ப வந்து குடத்தை நிரப்புது.

ப்ரூனோ விஷயத்தில் நாங்க செஞ்சதும் இதேதான். முதல்ல சிக்கனை நிறுத்தினோம். அடுத்து சோப்பை மாத்தினோம். பிறகு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் ஊசி போட்டாங்க. அடுத்த நாளே அரிப்பு போயிடுச்சு! மூணு வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடி ஊசி. மூணாவது ஊசிக்குப் பிறகு ப்ரூனோ குடம் குடமா தண்ணி குடிச்சான். வயிறு தொங்க ஆரம்பிச்சது. அது ஸ்டீராய்டு ஊசின்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க கேட்கவும் இல்லை.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து கிடையாது. தேவையான நேரத்தில், சரியான அளவில் கொடுத்தா அது வரம். ஆனா எந்தக் காரணத்தால் அரிச்சாலும் பெரும்பாலும் அது அரிப்பை அடக்கிடும். அதனால காரணம் என்னன்னு தேடுறதையே நாம விட்டுடுறோம். திரும்பத் திரும்பப் போட்டா அதிக தாகம், அதிக பசி, மெலிஞ்ச தோல், எளிதில் தொற்றுனு வேற பிரச்னைகள் வரும். ஊசி போடும்போது 'டாக்டர், இது ஸ்டீராய்டா?' என்று தயங்காம கேளுங்க. மாத்திரையா கொடுத்திருந்தா, டாக்டர் சொல்லாம நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. அதுவும் ஆபத்து.

முதல்ல ஒரு நோட்டு போடுங்க

அடுத்ததா ஒரு பெண் மருத்துவரிடம் போனோம். அவங்க ப்ரூனோவைத் தொடுறதுக்கு முன்னாடி என்கிட்ட பத்து நிமிஷம் கேள்வி கேட்டாங்க. "எப்போ ஆரம்பிச்சதும்மா? எந்த மாசத்துல அதிகமாகுது? முதல்ல எங்க சொறிஞ்சான்? அரிப்பு முதல்ல வந்ததா, புண்ணு முதல்ல வந்ததா? வீட்ல வேற யாருக்காவது அரிக்குதா?"

பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியலை. நீங்க அப்படிப் போய் நிக்காதீங்க. இன்னைக்கே போன்ல ஒரு நோட்ஸ் பக்கம் ஆரம்பிங்க.

* அரிப்பு ஆரம்பிச்சப்போ நாயோட வயசு என்ன?
* வருஷம் முழுக்க இருக்கா, குறிப்பிட்ட மாசங்கள்ல மட்டும் வருதா?
* எந்த இடத்துல சொறியுது, கடிக்குது, நக்குது?
* என்னென்ன சாப்பிடுது? பிஸ்கட், பால், தயிர், முட்டை உட்பட எல்லாமே.
* உண்ணி, தெள்ளுப்பூச்சிக்குக் கடைசியா எப்போ, என்ன மருந்து கொடுத்தீங்க?
* தினமும் அரிப்புக்கு ஒரு மார்க். 0 என்றால் சொறியவே இல்லை. 10 என்றால் தூங்க விடாத அரிப்பு.

இந்த மார்க் சின்ன விஷயமா தெரியும். ஆனா 'கொஞ்சம் பரவாயில்லை போல' என்பதை டாக்டரால் வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. '9-ல இருந்து 6-க்கு வந்திருக்கு' என்பது தகவல். கூடவே சொறியும்போது ஒரு வீடியோ எடுத்துக்கோங்க. கிளினிக் டேபிள்ல ஏத்தினதும் பல நாய்கள் பயத்தில் சொறியிறதையே மறந்துடும்!

எங்கே அரிக்குது என்பதே ஒரு க்ளூ. வால் ஆரம்பிக்கிற இடம், இடுப்பு, பின்தொடை என்றால் தெள்ளுப்பூச்சி மேல சந்தேகம். காது ஓரம், முழங்கை என்றால் சொறிப்பூச்சி. பாதம், முகம், காது, அக்குள், வயிறு என்றால் அலர்ஜி. இது தீர்ப்பு இல்லை, தேடலை எங்க ஆரம்பிக்கலாம்னு சொல்ற அம்புக்குறி மட்டும்தான்.

படி 1: பூச்சிகளைத் துரத்துங்க

'எங்க நாய்க்கு ஒரு பூச்சிகூட இல்லைங்க' என்று எல்லாரும் சொல்வோம். நானும் சொன்னேன். டாக்டர் ஒரு சின்னப் பல் சீப்பால ப்ரூனோவோட இடுப்பை வாரி, உதிர்ந்த கறுப்புத் துகளை வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல தட்டினாங்க. மேல ரெண்டு சொட்டு தண்ணி. கறுப்புத் துகளைச் சுத்தி செம்பழுப்பா கறை பரவுச்சு. அது மண் இல்லை. தெள்ளுப்பூச்சியோட கழிவு, அதாவது ப்ரூனோவோட ரத்தம். இந்த டெஸ்ட்டை நீங்களே வீட்ல செய்யலாம்.

தெள்ளுப்பூச்சி அலர்ஜி இருக்கிற நாய்க்கு நூறு பூச்சி தேவையில்லை. பூச்சியோட எச்சில்தான் பிரச்னை. ஒண்ணு ரெண்டு கடிச்சாலே போதும், பல நாள் அரிக்கும். அரிப்பு தாங்காம நாய் நக்கி நக்கி அந்தப் பூச்சியையே விழுங்கிடும். அதனால பூச்சி கண்ணுல படலை என்பதால பூச்சி இல்லைன்னு ஆகாது.

இன்னொரு விஷயம், நாய் மேல நீங்க பார்க்கிற பூச்சி கொஞ்சம்தான். அதோட முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் பாய், சோபா இடுக்கு, நாயோட படுக்கை, தரை விரிசல்ல இருக்கு. ஒரு தடவை மருந்து போட்டு விட்டா, அவை பொரிச்சு அடுத்த படையா வரும். அதனால வீட்ல இருக்கிற எல்லா நாய், பூனைக்கும் சேர்த்து, குறைஞ்சது மூணு மாசமாவது விடாம மருந்து கொடுக்கணும். நாய்க்கான மருந்தைப் பூனைக்குப் போடாதீங்க. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையின் உயிரையே எடுக்கும். படுக்கை விரிப்பைச் சுடுதண்ணியில் துவைங்க, சோபா இடுக்குகளைச் சுத்தம் பண்ணுங்க.

சொறிப்பூச்சியும் இந்தப் படியில்தான் வரும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூச்சி தோலைத் துளைச்சு உள்ளே போய் முட்டையிடும். அரிப்பு பயங்கரமா இருக்கும். காது ஓரத்தை மடிச்சுத் தேய்ச்சா, நாயோட பின்னங்கால் தானா சொறியிற மாதிரி ஆடும். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்க. ஆனா சொறிப்பூச்சி இருந்தும் அந்த டெஸ்ட்ல சிக்காம போறது சகஜம். அதனால சந்தேகம் பலமா இருந்தா டாக்டர் டெஸ்ட் முடிவைப் பார்க்காம சிகிச்சையை ஆரம்பிச்சிடுவாங்க. 'வீட்ல யாருக்காவது அரிக்குதா?'னு டாக்டர் கேட்டதும் இதுக்காகத்தான். நாயைக் கட்டிப்பிடிக்கிறவங்களோட கை, வயித்துல சிவப்புப் புள்ளிகள் வரலாம். நாய்க்குச் சரியாயிட்டா மனுஷங்களுக்கும் பொதுவா அடங்கிடும். இருந்தாலும் நீங்களும் தோல் டாக்டரைப் பார்த்துடுங்க.

'டெமோடெக்ஸ்'னு இன்னொரு பூச்சி இருக்கு. குட்டி நாய்களுக்கு முகத்துலயும் கால்லயும் வட்டம் வட்டமா முடி கொட்டும். ஆரம்பத்தில் அரிப்பு பெருசா இருக்காது. இது மத்த நாய்க்கோ நமக்கோ ஒட்டாது. அதனால பயப்படாம குட்டியைத் தூக்கிக் கொஞ்சலாம். ஆனா வட்டமா முடி கொட்டினாலே டெமோடெக்ஸ்னு முடிவு பண்ணிடாதீங்க. படர்தாமரையும் அப்படித்தான் இருக்கும், அது நமக்கு ஒட்டும். எதுன்னு டாக்டர்தான் பார்த்துச் சொல்லணும்.

நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்ணி, தெள்ளு ரெண்டுக்குமே சீசன் முடியறதே இல்லை. அதனால மருந்தும் வருஷம் முழுக்கத் தேவைப்படும். கழுத்துல விடுற சொட்டு மருந்து, மாசம் ஒண்ணு அல்லது மூணு மாசத்துக்கு ஒண்ணுனு கொடுக்கிற மாத்திரைகள்னு பல வகை இருக்கு. நாய்க்கு வலிப்பு வந்த வரலாறு இருந்தா, மாத்திரை எழுதுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

ப்ரூனோவுக்கு மாத்திரை ஆரம்பிச்ச ஒரு மாசத்தில் மார்க் 9-ல இருந்து 7. கொஞ்சம்தான். ஆனா குடத்துல ஒரு பங்கு தண்ணி இறங்கிடுச்சு.

படி 2: அந்த வாடை எங்கிருந்து வருது?

ஆரோக்கியமான நாயோட தோல்லயும் பாக்டீரியா, பூஞ்சை கொஞ்சம் வாழும். தோல் பலவீனமானா அவை பெருகும். 'மலசீசியா' என்ற ஈஸ்ட் பூஞ்சை வந்தா தோல் பிசுபிசுன்னு ஆகும், புளிச்ச வாடை அடிக்கும், நாள்பட்டா யானைத் தோல் மாதிரி தடிச்சுக் கறுத்துப்போகும். காது, விரல் இடுக்கு, அக்குள், கழுத்து மடிப்பு எல்லாம் அதுக்குப் பிடிச்ச இடங்கள். பாக்டீரியா வந்தா சின்னச் சின்னக் கொப்புளம், அது உடைஞ்சு வட்டமா உரிஞ்ச தோல், பொருக்கு.

கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி. டாக்டர் ஒரு செலோ டேப்பை தோல்ல ஒட்டி எடுத்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாங்க. காது அழுக்கையும் அப்படியே பார்ப்பாங்க. சில நிமிஷ வேலை. இதைச் செய்யாம 'ஒரு கோர்ஸ் ஆன்டிபயாடிக் போட்டுப் பார்ப்போம்' என்றால், ஏன்னு கேளுங்க. பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. தேவையில்லாம கொடுத்தா, நிஜமா தேவைப்படும்போது மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிச்சம் இருக்கும்.

மேலோட்டமான தொற்று என்றால் பல நேரம் மருந்து ஷாம்பூவே போதும். குளோர்ஹெக்ஸிடின் கலந்த ஷாம்பூவை டாக்டர்கள் அதிகம் எழுதுறாங்க. இதுல நாம செய்யற பெரிய தப்பு, போட்ட உடனே தண்ணி ஊத்திடுறது! நுரையோட 10 நிமிஷம் அப்படியே விடணும். போன்ல டைமர் வைங்க. ரெண்டு பாட்டு ஓடற வரைக்கும் நாயைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு தடவிக்கொடுங்க. அப்புறம் நல்லா அலசி, விரல் இடுக்கு வரைக்கும் ஈரம் போகத் துடைங்க. மழைக்காலத்தில் வாக்கிங் போயிட்டு வந்தாலும் பாதத்தைத் துடைக்கிறது கட்டாயம்.

ப்ரூனோவுக்கு வாரம் ரெண்டு குளியல், காதுக்குச் சொட்டு மருந்து. ஒரே மாசத்தில் வாடை காணாமப் போச்சு. மார்க் 4. அம்மா மறுபடியும் அவனை மடியில் தலை வைக்க விட்டாங்க.

முதல் ரெண்டு படியையும் பல டாக்டர்கள் சேர்த்தே ஆரம்பிப்பாங்க. இந்த ரெண்டையும் முடிக்காம சாப்பாட்டுக்குப் போகவே போகாதீங்க.

படி 3: சிக்கன் குற்றவாளியா?

நாய் சொறிஞ்சா ஊரே சொல்ற முதல் தீர்ப்பு, 'சிக்கனை நிறுத்து!' உணவு அலர்ஜி நிஜம்தான். ஆய்வுகளில் நாய்களுக்கு அதிகம் ஒவ்வாததாகப் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், சிக்கன், கோதுமை. பட்டியலை நல்லா கவனிங்க. சிக்கனை நிறுத்திட்டு நாம என்ன கொடுக்கிறோம்? தயிர் சாதமும் பால் பிஸ்கட்டும்! அதாவது, மூணாவது சந்தேக நபரை வெளியே அனுப்பிட்டு, ரெண்டாவது, நாலாவது ஆளை வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றோம்.

இன்னொரு விஷயம். நேத்து புதுசா கொடுத்த சாப்பாட்டால இன்னைக்கு அலர்ஜினு நினைப்போம். பெரும்பாலும் அப்படி இல்லை. மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் சாப்பிட்டுப் பழகின ஒண்ணுக்குத்தான் உடம்பு எதிர்ப்பு காட்டும். அதனால 'ரெண்டு வருஷமா இதைத்தானே சாப்பிடுறான்' என்பது சாட்சி ஆகாது.

ரத்த டெஸ்ட்ல தெரியாதா? 'முடியை அனுப்புங்க, எச்சிலை அனுப்புங்க, எந்த உணவு அலர்ஜினு சொல்றோம்'னு விளம்பரங்கள் வரும். உணவு அலர்ஜியை உறுதிசெய்ய இந்த முடிகளோ எச்சிலோ ரத்தமோ நம்பகமான வழி இல்லை. நம்பகமான வழி ஒண்ணுதான்: விலக்கு உணவுச் சோதனை.

எப்படிச் செய்யறது? நாய் இதுவரைக்கும் சாப்பிடாத ஒரே ஒரு புரதம், ஒரே ஒரு மாவுச்சத்து. மட்டனே சாப்பிடாத நாய் என்றால் மட்டனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும். சிக்கன் மேல சந்தேகம் என்றால் வாத்து, காடை வேண்டாம், பறவை இறைச்சிகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகலாம். இல்லைன்னா புரதத்தைப் பொடிப்பொடியா உடைச்சுத் தயாரிக்கிற மருத்துவ உணவை டாக்டர் எழுதித் தருவாங்க. எதுவா இருந்தாலும் குறைஞ்சது 8 வாரம். அது தவிர தண்ணி மட்டும். வீட்டுச் சமையல் சோதனைக்குச் சரி, ஆனா அதுல சத்து முழுசா இருக்காது. குட்டி நாய் என்றால் டாக்டர் இல்லாம ஆரம்பிக்கவே வேண்டாம்.

எங்க சோதனை மூணாவது வாரமே தோத்துப்போச்சு. காரணம், தாத்தா. சாயங்கால டீயோட அவர் சாப்பிடுற பால் பிஸ்கட்ல பாதி, தினமும் ப்ரூனோவுக்குப் போயிட்டு இருந்திருக்கு. கையும் களவுமா பிடிச்சப்போ, "ஏண்டி, ஒரே ஒரு பிஸ்கட்டுல என்ன ஆயிடப்போகுது? பாவம், வாயைப் பார்க்குது" என்றார். ஒரு பிஸ்கட் போதும், மொத்தச் சோதனையும் குப்பை. மறுபடி முதல் நாள்ல இருந்து ஆரம்பிச்சோம். இந்தத் தடவை தாத்தாகிட்டயே பொறுப்பைக் கொடுத்தோம். கிழங்கை வேகவெச்சு, ஆறவெச்சு, ஊட்டுறது அவர் வேலை. தினமும் நோட்ல மார்க் போடுறதும் அவர்தான். அதுக்கப்புறம் வீட்ல யாரையும் ஒரு பருக்கை கொடுக்க விடலை மனுஷன்!

சோதனை வீணாகிற இடங்கள் இவைதான். பிஸ்கட், மெல்லுற எலும்பு, பக்கத்து வீட்டு அன்பு, தெருவுல கிடக்கிறது, இறைச்சி வாசனை சேர்த்த மாத்திரை. கடைசி ஒண்ணை டாக்டர்கிட்ட கேட்டு மாத்திக்கோங்க, அதுக்காகப் பூச்சி மருந்தை நிறுத்திடாதீங்க.

8 வாரத்தில் அரிப்பு குறைஞ்சா, வேலை இன்னும் முடியலை. பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கணும். ரெண்டு வாரத்துக்குள்ள அரிப்பு திரும்பினா, உணவு அலர்ஜி உறுதி. அப்புறம் ஒவ்வொரு பொருளா கொடுத்து எதுன்னு கண்டுபிடிக்கலாம். 'நல்லா இருக்கான், எதுக்கு வம்பு?'னு இதை விட்டுட்டா, குறைஞ்சது சாப்பாட்டாலயா, அதே நேரம் போட்ட ஷாம்பூவாலயா என்று கடைசி வரை தெரியாது.

ப்ரூனோவுக்கு? 8 வாரம் முடிஞ்சும் மார்க் 4-லயே நின்னது. சிக்கன் திரும்பக் கொடுத்தோம். அதே 4. ஒரு வருஷமா செய்யாத குற்றத்துக்கு சிக்கன் தண்டனை அனுபவிச்சிருக்கு. ப்ரூனோவும்தான்!

படி 4: மிச்சம் இருக்கிறது

பூச்சி இல்லை, தொற்று இல்லை, சாப்பாடும் இல்லை. ஆனாலும் பாதத்தை நக்குறான், காதைத் தேய்க்கிறான். இப்போதான் 'அட்டோபி' என்ற வார்த்தை வரும். வீட்டுத் தூசியில் வாழற நுண்பூச்சி, மகரந்தம், பூசணம் மாதிரி சூழல்ல இருக்கிற பொருள்களால் வர்ற அலர்ஜி. பரம்பரைத் தன்மை உண்டு. பெரும்பாலும் 6 மாசத்துல இருந்து 3 வயசுக்குள்ள ஆரம்பிக்கும். லேப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பக், ஷிட்சு, ஜெர்மன் ஷெப்பர்டு மாதிரி இனங்களில் அதிகம் பார்க்கலாம். நாட்டு நாய்க்கு வரவே வராது என்பது கிடையாது.

இதை உறுதிசெய்ய தனியா ஒரு டெஸ்ட் இல்லை. மத்ததை எல்லாம் விலக்கின பிறகு மிஞ்சுறதுதான் அட்டோபி. அலர்ஜி ஊசி டெஸ்ட், ரத்த டெஸ்ட் எல்லாம், எந்தப் பொருளுக்கு எதிரா தடுப்பு சிகிச்சை கொடுக்கலாம்னு தேர்ந்தெடுக்கத்தான். அட்டோபி இருக்கா இல்லையானு சொல்றதுக்கு இல்லை. அதனால முதல் நாளே 'அலர்ஜி பேனல்' எடுத்துப் பணத்தைக் கரைக்காதீங்க.

அட்டோபி முழுசா குணமாகாது. இதைக் கேட்டப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு. "சர்க்கரை நோய் இருக்கிறவங்க நல்லா வாழலையாம்மா? அந்த மாதிரி பார்த்துக்கலாம்" என்றார் டாக்டர். அரிப்பைக் கட்டுப்படுத்த ஒக்லாசிடினிப் மாத்திரை, சைக்ளோஸ்போரின், குறுகிய காலத்துக்கு ஸ்டீராய்டு என வழிகள் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் வயசு, விலை, பக்க விளைவுனு கணக்கு உண்டு. ஒக்லாசிடினிப் ஒரு வயசு ஆகாத நாய்க்குக் கிடையாது. அலர்ஜி தடுப்பு ஊசி முறைக்குப் பலன் தெரிய மாசக்கணக்கில், சில நேரம் ஒரு வருஷம்கூட ஆகும்.

ப்ரூனோவோட இப்போதைய மார்க் 2. மழைக்காலத்தில் 4 வரை போகும். அப்போ மாத்திரை. மத்த நேரம் பூச்சி மருந்து, வாரக் குளியல், பாதம் துடைக்கிறது. அலர்ஜி அப்படியேதான் இருக்கு, குடம்தான் வழியறதில்லை.

இதையெல்லாம் தடவாதீங்க, ப்ளீஸ்!

நாய் எதைத் தடவினாலும் நக்கும். தோலுக்குப் போடுறது எல்லாம் வயித்துக்கும் போகும். இதை ஞாபகம் வெச்சுக்கிட்டு இந்தப் பட்டியலைப் படிங்க.

* வண்டி கழிவு ஆயில், மண்ணெண்ணெய்: சொறி நாய்க்குக் காலங்காலமா பூசுறாங்க. தோல் வெந்துபோகும், உள்ளே போனா விஷம்.
* தேங்காய் எண்ணெயில் கற்பூரம்: கற்பூரம் நாய்க்கு விஷம். வலிப்பு வரலாம்.
* பூண்டு: உண்ணி ஓடிடும்னு சாப்பாட்டுல கலக்குறாங்க. ரத்த சிவப்பணுக்களைப் பாதிக்கும்.
* மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்து, பூச்சிக்கொல்லி: அளவு தப்பினா உயிருக்கே ஆபத்து.
* வீட்டுக் கிருமிநாசினி, நம்ம சோப்பு: நாயோட தோல் நம்ம தோல் மாதிரி அமிலத்தன்மை கொண்டது இல்லை. வறண்டு, இன்னும் அரிக்கும்.
* யாரோ சொன்ன ஐவர்மெக்டின் ஊசி: கோலி மாதிரியான சில இனங்களுக்கு மூளையைப் பாதிக்கும். டாக்டர் சொல்லாம வேண்டவே வேண்டாம்.

எப்போ உடனே ஓடணும்?

* முகம் வீங்குது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு விட கஷ்டப்படுது.
* உண்ணி இருந்த நாய் சாப்பிடலை, சோர்ந்து படுத்திருக்கு, ஈறு வெளுத்திருக்கு, மூக்குல ரத்தம் வருது. உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம்.
* ஒரே நாள்ல ஈரமான புண் உள்ளங்கை அளவுக்குப் பரவுது.
* தலையை ஒரு பக்கம் சாய்ச்சே வெச்சிருக்கு, நடை தள்ளாடுது.

தனியார் கிளினிக் செலவு தாங்காதவங்களுக்கு அரசு வழி இருக்கு. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகள், உங்க ஊர் அரசு கால்நடை மருத்துவமனை. நோட்டையும், பழைய சீட்டையும், வீடியோவையும் எடுத்துட்டுப் போங்க.

போன வாரம் அதே உறவினர் வீட்டுக்கு வந்திருந்தார். ப்ரூனோ போய் அவர் கால்கிட்ட படுத்தான். "புது நாயா?"னு கேட்டார். தாத்தா தன்னோட நோட்டை எடுத்து வந்து, முதல் பக்கத்துல இருந்து மார்க்கை வாசிச்சுக் காட்ட ஆரம்பிச்சார்.

உங்க வீட்லயும் இன்னைக்கு ராத்திரி அந்த 'டக் டக்' கேட்டா, அதட்டாதீங்க. எழுந்து போய் எங்க சொறியுதுன்னு பாருங்க. போனை எடுத்து முதல் மார்க்கைப் போடுங்க.